வெள்ளச்சியின் தட்டு

மலையடிவாரத்தில் ஒரு மடம். அங்கே வெள்ளச்சி என்று ஒரு நாய் இருந்தது. குரங்குகளை அண்டவிடாமல் மடத்தைக் காத்தது அதுதான்.

அதற்கு உடம்புக்கு முடியாமல் போனது. எழுந்தால் கால் தள்ளாடியது. காதுக்குள் எல்லாம் உண்ணி. குரங்குகள் சமையல்கட்டு வரைக்கும் வந்து போனதைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தது.

மடத்தின் குரு உலகம்மை. எல்லாருக்கும் அம்மா. சீடர்கள் இரண்டு பேர், இரண்டும் நரைத்த தலை.

பூவலிங்கம் பச்சிலை தெரிந்தவர். கீழாநெல்லியை அரைத்துப் பாலில் கலந்து வெறும் வயிற்றில் கொடுத்தார். கூடவே பத்தியம் வைத்தார். உப்பு ஆகாது, முட்டை ஆகாது.

நடனசபைக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெள்ளச்சியை ஆட்டோவில் ஏற்றி டவுனில் உள்ள கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார். உண்ணிக்காய்ச்சல் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். வயிற்றுக்குச் சாப்பாடு போட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும், பாலோடு சேர்க்கக் கூடாது, முட்டை நல்லது.

அன்றைக்கே இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை.

“புல்லையும் பூண்டையும் கரைச்சு ஊத்த, அது என்ன ஆடாவே?”

“மாத்திரையப் போட்டுக் குடலைப் புண்ணாக்கத்தான் ஆட்டோவுல கூட்டிட்டுப் போனீராக்கும்?”

அதற்குப் பிறகு பேச்சில்லை. ஒருவர் தெற்கு வாசல் வழியாக வந்தால் மற்றவர் வடக்கு வாசல் வழியாகப் போனார்.

வெள்ளச்சி தேறவில்லை. வாந்தி எடுத்தது. விலா எலும்பு தெரிந்தது. கூப்பிட்டால் வாலை மட்டும் அசைத்தது. பிறகு அதுவும் இல்லை.

இரண்டு பேரும் அம்மா முன்னால் வந்து நின்றார்கள். அப்போதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

“அம்மா, இவரை அந்த மாத்திரைய நிறுத்தச் சொல்லுங்க. நாயைக் கொன்னுபோடுவாரு.”

“அம்மா, இவரை அந்தச் சாறை நிறுத்தச் சொல்லுங்க. பாதி கொன்னாச்சு.”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“அதோட தட்டை எடுத்துட்டு வாங்க.”

யார் எடுப்பது என்று இரண்டு பேரும் நின்றார்கள்.

“அதுக்குமா நாள் பாக்கணும்?”

நடனசபை போய் எடுத்துவந்தார். அலுமினியத் தட்டு, காய்ந்து பளபளவென்று இருந்தது. ஒரு எறும்புகூட இல்லை.

“பூவலிங்கம், இதுல என்ன வச்சீங்க?”

“பாலு வச்சேன் அம்மா. முட்டை கிடந்துது. பத்தியம் கெட்டுப்போவும்னு எடுத்து வீசிட்டேன்.”

“நடனசபை?”

“முட்டை வச்சேன் அம்மா. பாலு இருந்துது. மாத்திரைக்கு ஆவாதுன்னு கொட்டிட்டேன்.”

“தினமுமா?”

இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள்.

“சோறு?”

“அவர் வைப்பாருன்னு...” என்றார்கள் இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.

அம்மா கீரையைத் தள்ளி வைத்தார்.

“சாக்கை எடுங்க. ஆஸ்பத்திரிக்கு வெள்ளச்சியத் தூக்கிட்டுப் போங்க, ஆளுக்கு ஒரு பக்கம் பிடிங்க.”

“ஆட்டோவக் கூப்பிடட்டா அம்மா?”

“ரோடு வரைக்கும் நடங்க.”

சாக்கில் வெள்ளச்சியைப் படுக்கவைத்துத் தூக்கினார்கள். ஒருவர் வேகமாக நடந்தால் சாக்கு சரிந்தது. பாதி வழியில் வெள்ளச்சி முனகியது.

“மெதுவா போமய்யா” என்றார் பூவலிங்கம். பல நாளுக்குப் பிறகு நடனசபையிடம் பேசிய முதல் பேச்சு அது.

“அப்பம் நீரு சாக்கைத் தூக்கிப் பிடியும்.”

ரோட்டில் ஆட்டோ பிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெள்ளச்சியின் ஈறைப் பார்த்தார். வெளுத்துப் போயிருந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்.

“வேற என்ன குடுத்தீங்க?”

பூவலிங்கம் தரையைப் பார்த்தார். நடனசபை கையைத் தூக்கி அவரைக் காட்டினார்.

எல்லாம் கேட்டு முடித்ததும் டாக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க ரெண்டு பேரும் ஒரே இடத்துலதானே இருக்கீங்க? சாப்பாடு போட்டு மாத்திரை குடுங்க. விடாம குடுங்க. உள்ளுக்குச் சாறு இப்ப வேண்டாம், வாந்தி நிக்கட்டும். பெறவு குடுக்கணும்னா என்கிட்டக் கேட்டுட்டுக் குடுங்க. வேப்பிலை அவிச்ச தண்ணியால உடம்பைத் துடைச்சு விடுங்க, படுக்கிற இடத்தையும் கழுவுங்க. அது நல்லதுதான். யாரு வேண்டாம்னா?”

மடத்துக்குத் திரும்பியதும் அம்மா மாத்திரையைப் பூவலிங்கம் கையில் வைத்தார்.

“இதை நானா?”

“நீங்கதான்.”

வேப்பங்கொத்து நடனசபை கைக்குப் போனது.

“எனக்கு இது தெரியாதே அம்மா.”

“தெரிஞ்சவர் பக்கத்துலதானே நிக்காரு. கேளுங்க.”

அன்று மதியம் வெள்ளச்சி படுத்திருந்த மாட்டுக்கொட்டகைப் பக்கம் சத்தம் கேட்டது.

“எப்பம்வே குடுக்கணும் இதை?”

“தின்ன பெறவு.”

“என்ன தின்ன பெறவு?”

“நீரு வச்சாத்தான திங்கும்! வையும்யா முதல்ல!”

“கத்தாதீரும். உம்ம வேப்பிலை பொங்கி அடுப்புல ஊத்துது, போயிப் பாரும்.”

இப்படியே போனது. அம்மாவுக்குக் காது வலித்தது. வெள்ளச்சி முதலில் கஞ்சித் தண்ணீர் குடித்தது. பிறகு சோறு. பிறகு முட்டை. வாலை அசைத்தது. ஒரு நாள் காலையில் கூரைமேல் குரங்கு உட்கார்ந்திருந்தது. வெள்ளச்சி எழுந்து நின்று குரைத்தது. கால் நடுங்கியது, ஆனாலும் விழவில்லை. குரங்கு போய்விட்டது.

பூவலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடனசபை மூக்கை உறிஞ்சினார்.

“வேப்பிலை வேலை செஞ்சிட்டுது பாத்தீரா?”

“என்னது? மாத்திரைய்யா அது. உம்ம கையாலதான குடுத்தீரு!”

“உண்ணி போனது எதுனால?”

“ரத்தம் ஊறுனது எதுனால?”

அங்கேயே நின்று வெயில் ஏறும்வரை வாதாடினார்கள். முடிவு வரவில்லை. மறுபடியும் அம்மா முன்னால் போய் நின்றார்கள்.

“அம்மா, நீங்களே சொல்லுங்க. வெள்ளச்சியக் காப்பாத்துனது எது? பச்சிலையா, மாத்திரையா?”

அவர்கள் பின்னாலேயே வெள்ளச்சியும் மெல்ல நடந்து வந்திருந்தது. வாயில் அலுமினியத் தட்டு. அதைத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்தது.

அம்மா தட்டைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. இரண்டு பேரையும் பார்த்தார்.

“என்கிட்ட ஏன் கேக்கீங்க? அதுகிட்டயே கேளுங்க” என்றார். “சோறு வச்சிட்டுக் கேளுங்க.”