கடம்பேரிக்கு இரண்டு உத்தரவு

ரொம்ப காலத்துக்கு முன்னால் கடம்பை நாட்டைச் சந்திரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் பேச்சு கேட்பதில் அவருக்கு அப்படியொரு மோகம். காலையில் கூடும் சபை மத்தியானம் தாண்டியும் கலையாது. யாராவது மூச்சு விடாமல் பேசினால் போதும், கழுத்து மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டுவிடுவார். மறுநாள் இன்னொருவர் அதைவிட நீளமாகப் பேசுவார்.

இதில் யாரும் மிஞ்ச முடியாத ஆள், சபையின் மூத்த அதிகாரி அம்பலவாணர். மழை பெய்கிறது என்று சொல்ல வேண்டுமானாலும் அவர் கடலிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

மந்திரி மாசிலாமணி நேர் எதிர். ஒரு காலத்தில் பரிசல் ஓட்டியவர். ஆற்றுச் சுழலில் மாட்டிய ராஜாவைக் கரை சேர்த்ததால் மந்திரியானவர். அக்கரைக்குக் கூவிக் கூவிப் பழகிய தொண்டை. பாதிப் பேச்சைக் காற்று தின்றுவிடும் என்பதால் வேண்டியதை மட்டும் சொல்வார். ஒரு பரிசல்காரன் தனக்கு மேலே உட்கார்ந்திருப்பது அம்பலவாணருக்குத் தாங்கவில்லை. மந்திரிக்குப் பேச வராது, அதனால்தான் சுருக்கிக்கொள்கிறார் என்று சமயம் பார்த்து ராஜாவின் காதில் போட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு ஐப்பசி மாதம். அடைமழையில் கடம்பேரி என்ற பெரிய ஏரி விளிம்பு வரை நிறைந்துவிட்டது. மேற்குக் கரை, கிழக்குக் கரை இரண்டிலும் நீர் கசிகிறது என்று ஆள் வந்து சொன்னான். கரை உடைந்தால் கீழே ஆறு ஊர்கள் மிஞ்சாது. இரண்டு கரை ஊர்த் தலைவர்களும் உத்தரவுக்காகச் சபைக்கு வந்து நின்றார்கள்.

ராஜாவுக்கு அந்த நேரத்திலும் ஒரு விளையாட்டு தோன்றியது. கிழக்குக் கரைக்கு அம்பலவாணர் உத்தரவு சொல்லட்டும், மேற்குக் கரைக்கு மந்திரி சொல்லட்டும் என்றும், நாளை சாயங்காலம் தானே வந்து பார்ப்பதாகவும், தோற்றவர் பதவியை விட்டுவிட வேண்டும் என்றும் அறிவித்தார்.

அம்பலவாணர் எழுந்தார். நீரின் பெருமையில் தொடங்கி, ராஜாவின் முன்னோர் ஏரி வெட்டிய கதைக்குப் போய், ராஜா நாளை யானை மீது வரும் அழகை வர்ணித்தார். நடுவில் எங்கோ கரையை உயர்த்துவது பற்றியும் சொன்னார். இரண்டு நாழிகை கழித்து அவர் உட்கார்ந்தபோது சபையே கைதட்டியது. ராஜா மாலையைக் கழற்றிப் போட்டார்.

மாசிலாமணி அந்தப் பேச்சு முழுவதையும் கூர்ந்து கேட்டார். கிழக்கூர்க்காரர்கள் முகங்களையும் பார்த்துக்கொண்டார். பிறகு மேற்குக் கரைத் தலைவர்கள் மூவரையும் பக்கத்தில் அழைத்தார்.

முதல்வரிடம், "நூறு பேர், மண்வெட்டியோடு, விடியும்போது கரையில்" என்றார். இரண்டாமவரிடம், "கஞ்சி. உச்சிவேளைக்கு. எல்லாருக்கும்" என்றார். மூன்றாமவரிடம், "மதியத்துக்குள் முப்பது வண்டியில் மண் ஏற்று. மாட்டை அவிழ்க்காதே. எங்கே மேளம் கேட்கிறதோ அங்கே கொண்டுபோய்க் கொட்டு" என்றார்.

மூவரையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். சரியாகச் சொன்னதும் அனுப்பிவிட்டார்.

"கிளிக்குப் பாடம் நடக்கிறது" என்று அம்பலவாணர் சிரிக்க, ராஜாவும் சிரித்தார். மேள விஷயம் மட்டும் யாருக்கும் விளங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் மந்திரியும் அம்பலவாணரும் மற்ற அதிகாரிகளும் பின்தொடர, ராஜாவின் யானை மேற்குக் கரைக்கு வந்தது. கரை முழங்கால் உயரம் ஏறியிருந்தது. சேறு படிந்த ஆட்கள் எழுந்து கும்பிட்டார்கள். ராஜா யானையைக் கிழக்கே திருப்பச் சொன்னார்.

தூரத்திலேயே மேளம் கேட்டது. கிழக்குக் கரை முழுக்க வாழைமரம், தோரணம். பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். மண்வெட்டி ஒன்றுகூட இல்லை. தோரணத்துக்குக் குழி தோண்டிய இடத்தில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

ராஜா யானையிலிருந்து குதிக்காத குறையாக இறங்கி, ஏன் கரையைத் தொடவே இல்லை என்று கேட்டார். கிழக்கூர்த் தலைவர் வீரணன் கைகூப்பினார். "ஐயா பேசினதில் எதைச் செய்யணும்னு எங்களுக்குள்ளேயே தகராறு மகாராஜா. நீங்க யானையில் வர்றீங்கங்கறது மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் கரையின் ஒரு பகுதி சரிந்தது. ஆரத்தித் தட்டுகள் பறந்தன. அந்த நேரத்தில்தான் மேளச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு முப்பது வண்டிகளும் வரிசையாக வந்து நின்றன. வண்டிக்காரர்கள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மேளக்காரர்களை விலகச் சொல்லிவிட்டு மண்ணைக் கொட்டினார்கள். பின்னாலேயே மேற்குக் கரை நூறு பேரும் ஓடி வந்தார்கள். வீரணன் ஊர்க்காரர்களும் வாழைமரங்களைப் பிடுங்கி அடுக்கினார்கள். பொழுது இறங்குவதற்குள் கரை நின்றது.

ராஜா ஈர வேட்டியோடு ஒரு வண்டியின் மேல் உட்கார்ந்து, மேளம் வரும் என்று முன்பே எப்படித் தெரியும் என்று மந்திரியைக் கேட்டார்.

"அவர் பேச்சில் மண் ஒரு தடவை வந்தது, யானை பதினோரு தடவை வந்தது" என்றார் மாசிலாமணி.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. அந்தப் பேச்சுக்கு மாலை போட்டது அவர் கைதான். என்ன வெகுமதி வேண்டும் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். சபை இனிமேல் சாப்பாட்டு நேரத்துக்குக் கலைந்தால் போதும் என்றார் மந்திரி. சுற்றி நின்ற அதிகாரிகள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

பிறகு ராஜா அம்பலவாணரைப் பார்த்து, என்ன சொல்கிறீர் என்றார். அவர் வழக்கம்போலத் தொண்டையைச் செருமினார். சரிந்த கரையைப் பார்த்தார். கீழே விளக்கு ஏற்றத் தொடங்கியிருந்த ஊர்களைப் பார்த்தார். கழுத்து மாலையைக் கழற்றி ராஜாவின் காலடியில் வைத்தார்.

"தப்பு என்னுடையது" என்றார்.

ராஜா சிறிது நேரம் காத்திருந்தார். மேற்கொண்டு வார்த்தை எதுவும் வரவில்லை.

"பதவியை விட வேண்டாம்" என்றார் ராஜா. மாலையை எடுத்து மறுபடி அவர் கழுத்திலேயே போட்டார். "இத்தனை வருஷத்தில் நீர் பேசியதில் இதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது."