பலகை இல்லாத கதவுகள்

மென்பொருள் கம்பெனி மேலாளர் சபேசனுக்கு எதிலும் எடை குறைய வேண்டும். "பிழை எங்கேன்னு காட்டுற பெயர்களெல்லாம் கெர்னல் பேக்கேஜில் எதுக்கு? அது இல்லாட்டி ஓடாதா? எடுத்துடு!" என்றார். இயங்குதளத்தின் மையமான கெர்னலை வாடிக்கையாளர்களுக்காகப் பேக்கேஜாகக் கட்டும் இசக்கி தலையாட்டினாள்.

மறுவாரமே வாடிக்கையாளரின் சர்வர் படுத்துவிட்டது. பெயர்கள் வரவேண்டிய இடத்தில் திரை முழுக்க வெறும் எண்கள். "எங்கே உடைஞ்சதுன்னு உடனே சொல்லு, இல்லாட்டி வேலை காலி!" என்று சபேசன் குதித்தார். இசக்கி ஸ்க்ரூடிரைவரோடு வெளியே போனாள்.

அலுவலகம் அப்போதுதான் குடிவந்த புதுக் கட்டடம், எல்லாம் ஒரே மாதிரிக் கதவுகள். கொதித்து வந்த வாடிக்கையாளரை மீட்டிங் அறைக்கு அழைத்துப்போன சபேசன் கதவைத் திறந்தார். கழிப்பறை!

"பெயர்ப்பலகையெல்லாம் எவன் கழட்டினது?"

"நான்தான் சார். பெயர் இல்லாட்டியும் கதவு திறக்குதே?"

வாடிக்கையாளரே சிரித்துவிட்டார்.

"தூக்கிப்போடல சார். பலகையெல்லாம் என் மேஜையில இருக்கு. அந்தப் பெயர்களும் தனி பேக்கேஜா இருக்கு."

அந்தப் பேக்கேஜை சர்வரில் ஏற்றியதும் நிரலில் உடைந்த வரி பளிச்சென்று தெரிந்தது.

பலகைகளைச் சபேசனே மாட்டினார். முதலில் கழிப்பறைக்கு.