பரங்கிக்காய்க்கு வந்த சுங்கம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். பாயசத்தில் ஒரு முந்திரி குறைந்தாலும் சமையற்காரன் மடியைச் சோதிக்கச் சொல்வார். அப்பேர்ப்பட்ட சந்தேகப் பிராணி.

கப்பல் வியாபாரிகள் சரக்கு வந்த ஊரை மாற்றிச் சொல்லிச் சுங்கத்தை ஏய்க்கிறார்கள் என்று அவருக்கு ஒரு உறுத்தல். உடனே ஆணை போட்டார்: "இனி ஊரைக் கேட்காதீர்கள். பெயரைப் பாருங்கள். அந்நியப் பெயருள்ள சரக்குக்கெல்லாம் சுங்கம். கட்டாமல் கொண்டுபோனால் அது கடத்தல். கடத்தியவரை நாடு கடத்துவோம்."

சுங்க அதிகாரி ஆபத்சகாயருக்கு அரண்மனை விகடகவி குப்பாண்டியைக் கண்டாலே வயிறு எரியும். ஒருநாள் தோட்டக்காரி சடைச்சி, குப்பாண்டி வீட்டு விருந்துக்கு இருபது பரங்கிக்காயை வண்டியில் ஏற்றிப் போனாள். ஆபத்சகாயர் மறித்தார்.

"பரங்கி என்றால் கடல் தாண்டி வந்தவன். இது அவன் காய். சுங்கம் எங்கே?"

"எங் கொல்லையில காச்சதுங்க சாமி. வேணுன்னா கொடிய வந்து பாருங்க."

அவர் எங்கே பார்ப்பார்? சடைச்சியையும் குப்பாண்டியையும் சபையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இருபது காய் எதற்கு? உள்ளே என்ன ஒளித்திருக்கிறாய்?" என்று ராஜா எல்லாவற்றையும் வெட்டச் சொன்னார். விதைதான் இருந்தது.

"விதையைத் தவிர ஒன்றுமே இல்லையா? அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நாளை மாலைக்குள் இருவரும் நாட்டைவிட்டுப் போக வேண்டும்."

"மாட்டையும் கொல்லையையும் விட்டுட்டு நான் எங்கங்க போவேன்?" என்று சடைச்சி தரையில் உட்கார்ந்து அழுதாள். பாவம், பார்க்கச் சகிக்கவில்லை.

குப்பாண்டி கைகூப்பினான். "ஆணைப்படியே ஆகட்டும் பிரபு. நாளைக் காலை மட்டும் யாருக்கும் தெரியாமல் சுங்கச்சாவடிக்கு எழுந்தருள வேண்டும்."

இவன் ஏன் கூப்பிடுகிறான் என்று ராஜாவுக்கு அதிலும் சந்தேகம். ஆகவே விடிந்ததும் முதல் ஆளாகப் போய் மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

குப்பாண்டி, கப்பல்காரரிடம் கேட்டு வாங்கிய ஓர் அரபுக் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"நில்லும். சுங்கம் கட்டினீரா?" என்றார் ஆபத்சகாயர்.

"எதற்கு ஐயா? இதன் பெயர் உள்ளூரான். பெயரைத்தானே பார்க்க வேண்டும்?"

"பெயரில் என்ன ஓய் இருக்கிறது? பிறந்தது அரபு தேசத்தில். பிறந்த இடம்தான் முக்கியம்."

"அப்படியா? பரங்கிக்காய் பிறந்தது சடைச்சி கொல்லையில்."

ஆபத்சகாயருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்லை இல்லை, பெயர்தான் முக்கியம்" என்று அவசரமாக மாற்றினார்.

"நல்லது. கப்பலில் இன்னும் நாற்பது உள்ளூரான்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றாக ஓட்டி வருகிறேன், வழிவிடும்."

மூட்டைக்குப் பின்னால் ஒரு தும்மல். தும்மலோடு சிரிப்பும் கலந்து, கண்ணில் நீர் வழிய ராஜா வெளியே வந்தார். அந்த ஆணையை அங்கேயே கிழித்துப் போட்டார். சடைச்சி தன் கொல்லைக்குத் திரும்பினாள். வெட்டிய இருபது காயையும் தம் வீட்டிலேயே கூட்டு வைத்து ஊருக்குப் பரிமாறும்படி ஆபத்சகாயருக்கு உத்தரவாயிற்று.

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிக் குப்பாண்டியின் கழுத்தில் போட்டார்.

குப்பாண்டி அதைத் தடவிப் பார்த்து, "பிரபு, இது எந்த ஊர் முத்து? வந்தபோது சுங்கம் கட்டினீர்களா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"வாயை மூடிக்கொண்டு போடா" என்று ராஜா மறுபடியும் வயிறு குலுங்கச் சிரித்தார்.