அரை நூல்

தண்டபாணி மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். வயது ஐம்பத்திரண்டு. அவருடைய குருவுக்கு முப்பத்தொன்று. பெயர் ரஹமத். சேலம் அஸ்தம்பட்டியில் சைக்கிள் பட்டறை வைத்திருந்தாள். மலையேற்ற சைக்கிள் பந்தயத்துக்குப் பயிற்சியும் கொடுத்தாள். தண்டபாணி அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

ஏற்காடு ஏற்றப் பந்தயத்தில் போன இரண்டு வருடமும் அவர் பதினான்காவது வளைவில் தரையில் காலை ஊன்றியவர். மூன்றாவது தடவையும் ஊன்றினால் சைக்கிளை விற்றுவிடுவதாக மனைவி கோகிலாவிடம் வாய் தவறிச் சொல்லியிருந்தார். கோகிலா எதையும் மறக்கிறவள் இல்லை.

ஆடி மாதம் ஒரு காலையில் ரஹமத் அவருடைய செயின்மேல் இரும்பு ஸ்கேலை வைத்தாள். புதுச் செயினில் பன்னிரண்டு அங்குலக் கோட்டில் ஒரு இணைப்புப் பின் சரியாக வந்து நிற்கும். இதில் அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, தள்ளி நின்றது.

"மாத்திடுங்க சார்."

"அரை நூல்தானே மாஸ்டர்? நல்லாத்தானே ஓடுது."

"மாத்திடுங்க."

"ஆடியில புதுசு எதையும் தொட மாட்டோம்."

புதுச் செயினை வாங்கி, மாட்டாமல் பூஜை அறையில் வைத்துவிட்டுப் பழையதிலேயே ஓட்டினார். ஆவணி வந்தது. இவ்வளவு நாள் பொறுத்தாயிற்று, ஆயுத பூஜைக்கே மாட்டிவிடலாம் என்று நினைத்தார். அப்படியே அன்று தன் கையால் மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் அடிவாரத்து முதல் மேட்டில் எழுந்து நின்று மிதித்தார். கடக். செயின் பின்சக்கரத்துப் பல்லை விட்டுத் தாண்டியது. முழங்கால் ஹேண்டில்பாரில் மோதியது.

ரத்தத்தோடு பட்டறைக்கு வந்தார். பந்தயத்துக்கு இரண்டே நாள்.

"டூப்ளிகேட் செயின் மாஸ்டர். கடைக்காரன் ஏமாத்திட்டான்."

ரஹமத் பின்சக்கரத்துப் பற்களைத் தடவிப் பார்த்தாள். எல்லாம் கொக்கிபோல ஒரு பக்கம் சாய்ந்திருந்தன.

"செயின் நல்ல செயின். பல்லைப் பாருங்க. பழைய செயின் நீண்டு நீண்டு இதையும் தின்னிருக்கு. புதுசு இதுல உக்காராது."

"பல்சக்கரத்தையும் மாத்திடுங்க."

"உங்களுக்கான அளவு வெளியூர்லேருந்து வரணும். ஒரு வாரம் ஆகும்."

தண்டபாணி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான் ஏறணும் மாஸ்டர். எப்படியும் ஏறணும்."

"பழசு எங்க?"

"வீட்டு ஷெட்ல. கோகிலா எடைக்குப் போடாம இருந்தா."

போடவில்லை. ரஹமத் அதை நீட்டி ஸ்கேலை வைத்தாள். அந்தப் பின் இப்போது ஒரு முழு நூல் தள்ளி நின்றது. அதையே மாட்டினாள்.

"தேஞ்சதும் தேஞ்சதும் ஒண்ணுக்கொண்ணு பழகியிருக்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் தாங்கலாம்."

"அறுந்துட்டா?"

"கோகிலா அக்காவுக்கு சந்தோஷம்."

ஞாயிற்றுக்கிழமை செயின் அடிவாரத்திலிருந்தே முனகியது. எழுந்து மிதிக்காமல் உட்கார்ந்தபடியே ஏறினார். பதினான்காவது வளைவில் தொடை எரிந்தது. காதைச் செயினிலேயே வைத்திருந்தார். கால் தரையைத் தேடவில்லை.

உச்சியில் ரஹமத் தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். தண்டபாணி சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பாதித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

"பழசே ஏத்திடுச்சு பாத்தீங்களா மாஸ்டர்?"

"ஏத்திடுச்சு. இனி செயின், பல்சக்கரம் எல்லாமே குப்பைக்கு."

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"அப்போ செயினை எப்பத்தான் மாத்தணும்?"

"நல்லாத்தானே ஓடுதுன்னு ஆடியில சொன்னீங்களே சார், அன்னைக்கு."