கடைசி வரிசை விளக்கு

படபடவென்று ஒரு சத்தம்.

தன் நெஞ்சுக்குள்தான் என்று நினைத்தான் குழந்தைவேலு. மூன்று நாளாக அது அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது. கையை வைத்துப் பார்த்தான்.

உள்ளேயும் கேட்டது. வெளியேயும் கேட்டது.

கொட்டகைக்குள் போனான். நன்றாக விடிந்திருந்தது. ஆயிரம் கோழிகள் கூண்டுக்குள் நின்று தீவனம் கொத்திக்கொண்டிருந்தன. கடைசி வரிசையில் ஒன்று மட்டும் எழுந்து நிற்க முடியாமல் கம்பியில் இறக்கையை அடித்துக்கொண்டிருந்தது.

அதன் முன்னால் தங்கமணி டீச்சர் நின்றிருந்தாள்.

அவள் அவனைவிட எட்டு வயது சின்னவள். அரசுப் பணித் தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் தேறி, வேலைக்குப் போகாமல் நாமக்கல் பக்கத்தில் இருந்த இந்தக் கோழிப்பண்ணைக்கே திரும்பி வந்தவள். ஏன் என்று கேட்டால், "கோழிக்குத் தண்ணி வெக்கணும்" என்பாள்.

ஆறு பேர் பண்ணையிலேயே தங்கி அதே தேர்வுக்கு அவளிடம் படித்தார்கள். ஃபீஸ் கிடையாது. காலையில் முட்டை பொறுக்க வேண்டும். ராத்திரி ஒன்பதுக்குக் கொட்டகை விளக்கை அணைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு வரிசை.

கடைசி வரிசை குழந்தைவேலுவுடையது.

"டீச்சர், ஒண்ணு கேக்கணுங்க."

"கேளுங்ணா."

"மனுசன் எதுக்குங்க தூங்கணும்?"

பக்கத்தில் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த வேலைக்காரம்மா மாராயி முந்திக்கொண்டாள்.

"கனாக் காணத்தான். அதுல பரீட்சை எழுதாமயே கலெக்டராயிரலாம்."

"அக்கா, நான் டீச்சர்கிட்டப் பேசிட்டிருக்கறன்."

"நான் கோழிகிட்டப் பேசிட்டிருக்கறன் சாமி."

குழந்தைவேலு சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்தான். அது அவன் கையில் சலசலத்தது.

"பரீட்சைக்குப் பதினோரு நாள் இருக்குதுங்க. ஆறாவது தடவை. இதை உட்டா வயசு தாண்டிரும். மில்லு வேலையையும் உட்டுட்டு வந்துட்டன். ரெண்டு வாரமா இதப் போட்டுத்தான் தூங்காமப் படிக்கறன். மொதல்ல ஒண்ணு போதுமா இருந்துச்சு. இப்பப் பத்த மாட்டேங்குது. மூணு நாளாக் கண்ணே மூடல. சோறு எறங்கல. நெஞ்சு கெடந்து அடிக்குது."

"ம்."

"இன்னும் பதினோரு நாள்தாங்க. அதுவரைக்கும் இந்தப் படபடப்ப அடக்கி வெக்க ஏதாச்சும் ஒரு வழி சொல்லுங்க. மூச்சுப் பயிற்சி மாதிரி."

டீச்சர் பட்டையைப் பார்த்தாள். தொடவில்லை.

"யாரு பேருக்கு எழுதுனதுங்ணா?"

"எங்க அக்கா பையன் கண்ணனுக்குங்க. ஒரு எடத்துல உக்காந்து படிக்க மாட்டான். டாக்டர் எழுதிக் குடுத்தாரு. ஆடிக்குப் போனப்ப எடுத்துட்டு வந்தன்."

"அவனுக்கு?"

குழந்தைவேலு பட்டையைத் திருப்பி, பின்பக்கத்தைப் படிப்பதுபோல் பார்த்தான்.

"காணாமப் போச்சுன்னு அக்கா தேடிட்டு இருக்குது."

கோழி மறுபடி இறக்கையை அடித்தது.

"வேலை செய்யுதுங்களா?" என்றாள் டீச்சர்.

"செய்யுதுங்க. வேணும்னாக் கேட்டுப் பாருங்க."

"எழுபத்தி மூணாவது திருத்தம்?"

"தொண்ணூத்தி ரெண்டு. ஒம்பதாம் பகுதி. பதினோராவது அட்டவணை. இருபத்தொம்பது பொருள். பஞ்சாயத்து ராஜ். நடைமுறைக்கு வந்தது தொண்ணூத்தி மூணு ஏப்ரல் இருபத்தி நாலு." மூச்சே விடவில்லை.

"எங்கூட்டு மிக்ஸி நிக்கறதுக்கு முன்னாடி இப்படித்தான் ஓடுச்சு" என்றாள் மாராயி.

"சரியாத்தான் சொல்றீங்க" என்றாள் டீச்சர்.

குனிந்தாள். அந்தக் கோழியின் கூண்டுக்கு வெளியே உருண்டு நின்ற முட்டையை எடுத்து அவனிடம் தந்தாள்.

"எப்படி இருக்குது?"

"நல்ல முட்டைங்க."

"தட்டிப் பாருங்க."

மாத்திரைப் பட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு நகத்தால் தட்டினான். "ஓடு கெட்டியா இருக்குதுங்க."

"இதுதான் போட்டது. இன்னிக்குக் காலைல."

"நிக்கவே முடியாததா?"

"நேத்தும் போட்டுச்சு. முந்தாநேத்தும் போட்டுச்சு. ஒரு நாள் தவறல."

குழந்தைவேலு முட்டையையும் கோழியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஓடு எதுல ஆகுதுங்ணா?"

"கிளிஞ்சல்லங்க. தீவனத்துல கலக்கறம்ல."

"அது பத்தலைன்னா?"

எந்தப் பாடத்திலும் அது இல்லை.

டீச்சர் முட்டையை வாங்கி வைத்துவிட்டு, கூண்டைத் திறந்து கோழியை இரண்டு கையாலும் அள்ளி அவன் கையில் வைத்தாள். அவன் விரலைப் பிடித்து, இறகுக்கு அடியில், நெஞ்செலும்பின்மேல் வைத்தாள்.

அமுக்கினான். எலும்பு வளைந்தது. பச்சைக் குச்சிபோல.

சட்டென்று விரலை எடுத்துக்கொண்டான்.

"பத்தலைன்னா எலும்பக் கரைச்சு ஓடு போட்டுரும். முட்டையப் பாத்தாத் தெரியாதுங்ணா" என்றாள்.

கோழியின் சூடு உள்ளங்கையில் ஏறியது. அதன் நெஞ்சும் அடித்துக்கொண்டிருந்தது. எது அதனுடையது, எது தன்னுடையது என்று அவனுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"என் வரிசைக் கோழிக்கு மட்டும் ஏங்க இப்படி?"

மாராயி அட்டையைக் கீழே வைத்தாள். அவள் குரலில் கேலி இல்லை.

"மத்த வரிசையெல்லாம் ஒம்பது மணிக்கு இருட்டாயிருது. வெளிச்சம் இருந்தாக் கோழி ஓயாம முட்டைக்கே ஒழைக்கும் சாமி."

குழந்தைவேலு மேலே பார்த்தான்.

வெயில் கொட்டகைக்குள் பாதி தூரம் வந்துவிட்டது. கடைசி வரிசையின் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே அவன் பாய். பாய்மேல் திறந்தபடி மூன்று புத்தகங்கள். அறையில் மற்றவர்கள் தூங்க வேண்டும் என்று இரண்டு வாரமாக இங்கே உட்கார்ந்துதான் படித்தான். ஒரு ராத்திரிகூட அணைக்கவில்லை.

"போன வாரம் நீங்கதான் வந்து சொன்னீங்க. கடைசி வரிசைல முட்டை கூடிருச்சு டீச்சர்னு."

"ஆமாங்க."

"எனக்கும் சந்தோசமா இருந்துச்சு" என்றாள் டீச்சர். "ஏன் கூடுச்சுன்னு நானும் வந்து பாக்கல."

மாராயி அவன் கையிலிருந்த கோழியைப் பார்த்தாள்.

"எட்டு மணிக்குக் கறிக்கடைக்காரன் வருவான்" என்றாள் மாராயி. "குடுத்து உட்டர்லாமா?"

"வேண்டாங்க்கா."

டீச்சர் ஒரு சாக்கை எடுத்துக் கொட்டகையின் இருட்டு மூலையில் விரித்தாள். அதன்மேல் மணலைக் கொட்டிப் பரப்பினாள். கொட்டாங்குச்சியில் தண்ணீர் வைத்தாள். ஒரு பிடி கிளிஞ்சல் போட்டாள்.

குழந்தைவேலு கோழியைக் கொண்டுபோய் இறக்கினான். அது ஒருபக்கமாகச் சாய்ந்தது. காலை இழுத்துப் பார்த்தது. பிறகு படுத்தபடியே கழுத்தை நீட்டி ஒரு கிளிஞ்சலைக் கொத்தியது.

"எந்திரிச்சுருங்களா?"

"சிலது எந்திரிக்கும்."

"எப்ப முட்டை போடும்?"

"அதை இப்ப யாரும் அதுகிட்டக் கேக்க மாட்டாங்க."

அவன் குந்தியபடியே இருந்தான்.

"டீச்சர். பதினோரு நாள்தாங்க."

"வண்டியெடுக்கறன். ஜிஎச்சுக்குப் போலாம். என்ன போட்டீங்க, எத்தனை போட்டீங்கன்னு டாக்டர்கிட்ட நீங்கதான் சொல்லணும்."

"பரீட்சைங்க?"

டீச்சர் சாவியைத் தேடி வீட்டுப் பக்கம் போய்விட்டாள்.

கோழி கண்ணை மூடியது. இறக்கை அடங்கியது.

வெளியே இருந்த படபடப்பு நின்றுவிட்டது. இப்போது உள்ளே மட்டும் கேட்டது.

குழந்தைவேலு அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். வெகுநேரம் என்று சொல்ல முடியாது. கோழி இன்னொரு முறை தலையைச் சரித்துக்கொள்ளும் அளவு நேரம்.

எழுந்து ஃபோனை எடுத்தான்.

"அக்கா. நான்தான். கண்ணனோட மாத்திரை எங்கயும் காணாமப் போகல. எங்கிட்டத்தான் இருக்குது... ஆமா. நான்தான் எடுத்தன்... திட்டு. திட்டிக்கோ."

அந்தப் பக்கம் திட்டி முடிக்கும்வரை ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தான்.

பிறகு தூணருகே போனான். இரண்டு முறை கை தவறியது. மூன்றாவது முறை கடைசி வரிசை விளக்கை அணைத்தான்.

வெளியே வண்டி உறுமியது. அதை நோக்கி நடந்தான்.

அவன் வரிசை முட்டைகள் இன்னும் பொறுக்கப்படாமல் கிடந்தன. மாராயி ஒன்றும் சொல்லாமல் ஒரு காலி அட்டையை எடுத்துக்கொண்டு முதல் கூண்டுக்குக் குனிந்தாள்.