சிக்னல் வயரில் வந்த வெளிச்சம்

கோவைப் பொருட்காட்சியில் தீர்த்தகிரி என்பவர், பவர் கொடுக்காத சிப் ஒன்றில் விளக்கை எரிய வைத்தார். "காற்றிலிருந்தே மின்சாரம் எடுக்கிறது. என் சிப்பைத் தொடாமல் இந்த விளக்கை அணைத்துக் காட்டுங்கள்" என்றார். மின்வெட்டால் தவித்த விவசாயிகள் அதை வாங்குவதற்கு முண்டியடித்தார்கள்.

ஸ்டால்களுக்கு வயர் இழுக்கும், சர்க்யூட் போர்டு வேலையும் பார்க்கும் செங்கமலம் கேட்டாள். "பக்கத்துல கரண்டுல ஓடுற பெட்டியிலிருந்து சிப்புக்கு ஒரு வயர் வருதுங்களே?"

"அது வெறும் சிக்னல். அதில் ஒன்றுமில்லை."

"ஒன்னுமில்லீன்னா கழட்டலாமுங்களா?"

இத்தனை பேர் முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை. அவள் சிப்பைத் தொடாமல், வயரைப் பெட்டிப் பக்கம் கழற்றினாள். விளக்கு அணைந்தது.

"பவர் இல்லாத சிப்புக்குள்ள சிக்னல் வழியாவே கரண்டு புகுந்துருமுங்க. அதைத் தடுக்கத்தான் நாங்க நடுவுல இன்னொரு சிப் வைப்போம்."

தீர்த்தகிரி நைசாக நழுவினார். கூட்டம் நகரவில்லை. முடி போன்ற அந்த வயரையே பார்த்து நின்ற ஒரு பெரியவர், மெல்லிய குரலில் கேட்டார்: "அம்மிணி, இன்னொருக்கா மாட்டு, பாக்கலாம்."