தேன்சிட்டின் மூன்று வீடுகள்

இந்தக் கதை கூட்டத்தில் ஒருவருக்கு உறைக்கும். பிழைக்கப் போன அண்டைவீட்டுக்காரர் திரும்புவதற்குள் எல்லைக்கல்லைப் பிடுங்கி நாலு முழம் தள்ளி நட்டீரே, உமக்குத்தான் சொல்கிறேன். பெயர் சொல்லவில்லை. மற்றவர்களும் கேளுங்கள்.

பறவைகளுக்குள்ளும் அரசன், வழக்கு, தீர்ப்பு என்று இருந்த காலம் அது. மலையடிவாரத்தில் குறுமணி என்றொரு தேன்சிட்டு இருந்தாள். உடம்பு கட்டைவிரல் அளவு. கோபம் மட்டும் மலையளவு.

அவளுக்கு மூன்று வீடு. மாசியில் அடிவாரத்து முருக்கமரம். வெயில் ஏறினால் நடுமலைப் புல்லுருவிக் கொத்து. மழை ஓய்ந்தால் உச்சிமலைக் காசித்தும்பை. பூ போகிற வழியில் போவாள். பூ திரும்பினால் திரும்புவாள்.

ஒரு மாசியில் வயிற்றில் முட்டையோடு வந்து இறங்கினாள். கூடு கட்ட வேண்டிய முருக்கமரம் முழுக்கச் சடையன் என்ற மைனாவும் அவன் கூட்டமும்.

"இது என் மரம் அண்ணே."

"இருந்துச்சு தாயி. விட்டுப் போனவளுக்கு மரம் ஏது?"

முதல் நாள் கெஞ்சினாள். இரண்டாம் நாள் கத்தினாள். மூன்றாம் நாள் எதிர்மரத்துப் பொந்தில் குடியிருந்த இருவாட்சிப் பறவை அரசனிடம் போய் நின்றாள்.

"வருஷத்தில் முக்கால்வாசி நீ இங்கே இல்லையே அம்மா. சடையன் சொல்வதும் சரிதானே" என்றான் அரசன். மைனாக்கள் சிரித்தன.

குறுமணி கணக்குப் போட்டாள். சண்டை போட்டால் கூட்டம் ஜெயிக்கும். பேரம் பேசினால்?

"சடையண்ணன் சட்டத்துக்கே கட்டுப்படுகிறேன், மகாராஜா. விட்டுப் போனவருக்கு மரம் இல்லை. எனக்கும் அதே, அவருக்கும் அதே, காட்டில் எல்லாருக்கும் அதே. நாளை விடியலிலிருந்து. சம்மதமா?"

"சம்மதம்" என்றான் சடையன், யோசிக்காமல். அரசனும் தலையாட்டினான்.

விடிந்தது. மாடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்பின. மாட்டுக் காலடியில் எழும்பும் வெட்டுக்கிளிதான் மைனாவுக்குக் காலைச் சோறு. சடையன் இறக்கை விரித்தான்.

"அண்ணே, எங்கே புறப்பட்டாச்சு?"

"சாப்பிடத்தான். பொழுது சாய வந்துடுவேன்."

"நானும் சாப்பிடத்தான் போனேன். என் சாப்பாடு கொஞ்சம் தூரம், அவ்வளவுதான்."

சடையன் இறக்கையை மடக்கினான். முதல் மந்தை போனது. இரண்டாவது போனது. மூன்றாவது மந்தை கடந்தபோது பசி பொறுக்காமல் கூட்டமே பறந்தது. கூடவே சடையனும்.

குறுமணி அரசன் பக்கம் திரும்பினாள். "மகாராஜா, பொந்துக்குள் அடைபட்டு அடைகாக்கும் ராணிக்கு அத்திப்பழம் தேடி மூன்று மலை தாண்டுவீர்களே. இன்றைக்கு எப்படி?"

அரசன் பொந்தைத் திரும்பிப் பார்த்தான். பொந்தின் இடுக்கிலிருந்து ராணியின் அலகுநுனி நீண்டது. "தீர்ப்பை மாற்றிச் சொல்லிவிட்டுச் சீக்கிரம் கிளம்புங்கள். பசிக்கிறது."

"மரம் குறுமணிக்கே" என்று சொல்லிக்கொண்டே அரசன் பறந்தான்.

அன்றே கிளைநுனியில் நார் கட்டித் தூக்கணமாகக் கூடு தொங்கவிட்டாள். இரண்டு முட்டை, இரண்டு குஞ்சு. வெயில் ஏறியதும் இரண்டையும் அழைத்துக்கொண்டு மலையேறினாள். அடுத்த மாசியில் மூன்று தேன்சிட்டுகள் இறங்கி வந்தன. முருக்கமரம் சிவக்கச் சிவக்கப் பூத்திருந்தது. கிளைநுனிகள் காலியாகக் காத்திருந்தன.

பிழைக்கப் போனவரின் இடம், அவர் எத்தனை நாள் கழித்துத் திரும்பினாலும் அவருடையதே.

நீதி சொல்லியாயிற்று. இன்னும் என்ன உட்கார்ந்திருக்கிறீர்? கடப்பாரையை எடும். கல்லைப் பிடுங்கி, இருந்த இடத்தில் இன்றைக்கே நடும்.